கடிதங்களில் ஒரு கலைக்கூடம்
ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் (1864–1946)

1900ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில், பாரிஸுக்குக் கப்பலேறப் புறப்பட்டு வந்த இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர், நியூயார்க் காமிரா கிளப்பின் படியேறினார். மில்வாக்கி நகரத்துக் கல்லச்சுக் கூடம் ஒன்றில் தொழில் பயின்றவர். அவரது கையில் ஓவியங்களும் புகைப்படங்களும் அடங்கிய கட்டு இருந்தது. அவருக்கு முன்பாகவே அவரைப்பற்றி ஒரு கடிதம் அங்கே வந்து சேர்ந்திருந்தது. ஓஹியோ மாநிலத்துப் புகைப்படக் கலைஞர் கிளாரன்ஸ் ஒயிட் எழுதிய அறிமுகக் கடிதம் அது. கடிதத்தைப் பெற்றவர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ். வந்த இளைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன்.

ஸ்டீக்லிட்ஸ் கட்டைப் பிரித்துப் பார்த்தார். மூன்று புகைப்படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றுக்கு ஐந்து டாலர் வீதம் விலை கொடுத்து வாங்கினார். அதுவரை தம் படம் ஒன்றுக்கு அத்தகைய விலையை ஸ்டைக்கன் கண்டதில்லை. விடைபெறும் நேரத்தில், பாரிஸ் சென்று ஓவியராகிவிட்டால் புகைப்படத்தை மறந்துவிடுவாய் என்று மூத்தவர் ஐயுற்றார். மின்தூக்கி கீழே இறங்கத் தொடங்கிய பிறகும், ஒருபோதும் புகைப்படத்தைக் கைவிட மாட்டேன் என்று இளையவர் உரத்த குரலில் வாக்களித்தார். அந்த வாக்கு எவ்வாறு காப்பாற்றப்பட்டது, காப்பாற்றப்பட்ட விதமே எவ்வாறு இருவரையும் பிரித்தது என்பதில் ஸ்டீக்லிட்ஸின் வாழ்க்கையில் ஒரு பாதி அடங்கிவிடுகிறது.

ஸ்டீக்லிட்ஸ் 1864 ஜனவரி முதல் நாள், நியூஜெர்ஸி மாநிலத்து ஹோபோக்கன் நகரில் பிறந்தார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். ஆறு குழந்தைகளில் அவர் மூத்தவர். கம்பளி வாணிபத்தில் பெரும் பொருள் ஈட்டிய தந்தை எட்வர்ட், 1881இல் தொழிலை விற்றுவிட்டுப் பிள்ளைகளின் கல்விக்காகக் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குச் சென்றார். மகன் பொறியியல் பயில வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்த மகனையோ ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகெல் என்னும் ஆசிரியரின் வேதியியல் வகுப்பு ஈர்த்துக்கொண்டது. புகைப்படத் தகட்டின் ஒளியுணர்வை ஆராய்ந்த அறிஞர் அவர். பெர்லினில் வாங்கிய ஒரு காமிராவே இளைஞனின் வாழ்க்கைப் பாதையைத் தீர்மானித்தது. 1887இல் இலண்டன் இதழ் ஒன்று நடத்திய போட்டியில், இத்தாலியக் கிராமத்துச் சிறுவர்களை அவர் எடுத்த படம் முதற்பரிசு பெற்றது. நடுவராக இருந்தவர் பி. எச். எமர்சன்.

1890இல் நியூயார்க் திரும்பியபோது அந்நகரம் அவருக்கு அந்நியமாக இருந்தது. 1893 பிப்ரவரியில் ஒரு பனிப்புயல் நாளில், ஐந்தாம் அவென்யூவின் ஓரத்தில் கையடக்கக் காமிராவுடன் மூன்று மணி நேரம் நின்று, குதிரை வண்டியொன்று பனியைக் கிழித்துக்கொண்டு வரும் காட்சியைப் பதிவு செய்தார். அதே ஆண்டின் இறுதியில் எமலைன் ஓபர்மேயர் என்னும் செல்வக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அவர்களது ஒரே மகள் கேத்தரின் 1898இல் பிறந்தாள். மணவாழ்க்கை தொடக்கத்திலேயே கசந்தது. மனைவியின் செல்வம் அவரைப் பொருளாதாரக் கவலையிலிருந்து விடுவித்தது. அந்த விடுதலையை அவர் முழுக்கப் புகைப்படக் கலைக்கே செலவிட்டார். அதில் குடும்பத்துக்கு மிஞ்சியது சிறிதளவே.

அக்காலத்தில் புகைப்படம் கலைதானா என்பது தீராத வழக்கு. இயந்திரம் வரைவதில் மனிதனின் பங்கு என்ன என்று ஓவியர்கள் கேட்டனர். அருங்காட்சியகங்களோ புகைப்படத்தை ஆவணமாக மட்டுமே மதித்தன. இந்த வழக்கில் வாதாடுவதையே ஸ்டீக்லிட்ஸ் தம் தொழிலாகக் கொண்டார். 1902இல் ஃபோட்டோ செசஷன் என்னும் பெயரில், மரபிலிருந்து பிரிந்து நிற்கும் கலைஞர் அணி ஒன்றை உருவாக்கினார். 1903இல் 'காமிரா வொர்க்' இதழைத் தொடங்கினார். ஃபோட்டோகிராவ்யூர் முறையில் மெல்லிய ஜப்பானியத் தாளில் அச்சிட்ட படங்களைப் பக்கந்தோறும் கையால் ஒட்டிய இதழ் அது. அச்சின் தரம் பற்றி அவர் காட்டிய கண்டிப்பு அச்சகத்தாரைத் திணறடித்தது. இதழின் அட்டையை வடிவமைத்தவர் ஸ்டைக்கன். இரண்டாவது இதழில் இடம்பெற்ற படங்களும் அவருடையவையே.

1905 நவம்பரில் ஐந்தாம் அவென்யூ 291ஆம் எண் கட்டிடத்தின் மாடியில் ஃபோட்டோ செசஷனின் சிறிய காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. ஸ்டைக்கன் தங்கித் தொழில் நடத்திய அறைகள்தாம் அவை. யோசனையும் அவருடையதே. மூன்று அறைகளில் பெரியதே சுமார் 15 அடிச் சதுரம். சுவர்களில் முரட்டுத்துணி போர்த்தி, நடுவில் ஒரு பித்தளைக் கிண்ணத்தை வைத்து அந்த இடத்தை அவரே ஒழுங்குபடுத்தினார். கட்டிட எண்ணே பின்னாளில் கூடத்தின் பெயராகியது. குத்தகைத் தகராறினால் 1908இல் அடுத்த கதவுக்கு இடம்பெயர்ந்த பிறகும் 291 என்ற பெயர் மாறவில்லை. கலையுலகில் அது ஒரு முகவரி என்ற நிலையைக் கடந்து கொள்கையாகிவிட்டிருந்தது.

1906இல் ஸ்டைக்கன் குடும்பத்துடன் மீண்டும் பாரிஸ் சென்றார். அதன்பின் எட்டாண்டுகள் அட்லாண்டிக் கடலைக் கடந்து சென்ற கடிதங்களே அந்த மூன்று அறைகளை நடத்தின. எந்தக் கலைஞரின் பட்டறையில் என்ன உருவாகிறது, எவர் படங்களை அனுப்ப இசைகிறார், பெட்டிகளை எந்தக் கப்பலில் ஏற்றுவது, சுங்கத்துக்கு என்ன மதிப்புக் காட்டுவது என்ற உலகியல் செய்திகளுக்கு நடுவேதான் நவீன ஓவியம் அமெரிக்காவுக்குள் நுழைந்தது. 1908 ஜனவரியில் ரோடானின் 58 கோட்டோவியங்கள் காட்சிக்கு வந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் மத்தீஸின் ஓவியங்கள் அமெரிக்க மண்ணில் முதன்முறையாகத் தொங்கவிடப்பட்டன. ஸ்டைக்கன் அறிமுகம் செய்த ஜான் மாரினின் நீர்வண்ண ஓவியங்கள் 1909இல் வந்தன. 1911இல் செசானின் நீர்வண்ணங்களும், தொடர்ந்து பிக்காசோவின் கோட்டோவியங்களும் வந்தன. 1914இல் பிரான்குஸியின் சிற்பங்கள் வந்தன.

செசானை ஸ்டீக்லிட்ஸ் ஏற்றுக்கொண்ட கதை அவரது நேர்மைக்குச் சான்று. 1907இல் பாரிஸ் வந்தபோது, ஸ்டைக்கனுடன் ஒரு கலை வணிகரின் கூடத்தில் செசானின் நீர்வண்ணங்களைக் கண்டார். வெற்றுத்தாளில் ஆங்காங்கே சிறு வண்ணத் தீற்றல்கள் மட்டுமே அவர் கண்ணுக்குத் தெரிந்தன. விலையைக் கேட்டதும் நகைத்தார். அவற்றையே நான்காண்டுகள் கழித்துத் தம் சுவரில் மாட்டி, வந்தவர்க்கெல்லாம் மணிக்கணக்கில் விளக்கினார். தாம் நகைத்ததைப் பின்னாளில் மறைத்ததும் இல்லை.

அந்த 1907ஆம் ஆண்டுக் கப்பற் பயணத்தில்தான் அவரது மிகப் புகழ்பெற்ற படம் பிறந்தது. முதல் வகுப்புத் தளத்தில் உலவிக்கொண்டிருந்தவர், கீழ்த்தளத்தில் நெருங்கி நின்ற ஏழைப் பயணிகளைக் கண்டார். வெண்ணிற நடைபாலம், சாய்ந்த புகைபோக்கி, ஒருவரின் வட்டமான வைக்கோல் தொப்பி, துணி போர்த்திய பெண்கள் என அக்காட்சி அவரை நிறுத்திவைத்தது. அறைக்கு ஓடிக் காமிராவை எடுத்து வந்தபோது, அவரிடம் எஞ்சியிருந்தது ஒரே ஒரு தகடு. அந்தப் படத்தின் அருமையை அவரே முழுமையாக உணரச் சில ஆண்டுகள் பிடித்தன. 'காமிரா வொர்க்' இதழில் 1911இல்தான் அது வெளிவந்தது.

ஸ்டீக்லிட்ஸ் தம்மை வணிகர் என்று அழைப்பதை வாழ்நாள் முழுவதும் வெறுத்தார். வாங்க வந்தவரை அவரே சோதித்தார். படத்தின்மீது உண்மையான நாட்டம் இல்லாதவர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் விற்க மறுத்தார். நாட்டம் உள்ள ஏழைக்குத் தவணையில் கொடுத்தார். விற்ற பணத்தில் தமக்குப் பங்கு எடுத்துக்கொள்ளாமல், கலைஞர் ஓராண்டு உணவுக்கும் வாடகைக்கும் அஞ்சாமல் வேலை செய்ய இயலுமா என்று மட்டும் கணக்கிட்டார். மாரின் பல்லாண்டுகள் ஓவியத்தை மட்டுமே நம்பி வாழ முடிந்தது இந்தக் கணக்கினால்தான். மறுபுறம், கலையரங்கில் தாம் விதித்த நெறியை எவர் மீறினாலும் அதனைத் துரோகமாகக் கருதும் கடுமையும் அவரிடம் இருந்தது. பிக்காசோ கண்காட்சியில் 83 படங்களில் விற்றவை ஓரிரண்டே. எஞ்சியவை அனைத்தையும் சேர்த்து 2,000 டாலருக்கு வாங்கிக்கொள்ளும்படி மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு அவர் பரிந்துரைத்தார். அருங்காட்சியகம் மறுத்துவிட்டது. படங்கள் பெட்டிக்குள் திரும்பிப் பாரிஸ் சென்றன.

கவிஞர்களுக்கும் இந்தக் கூடத்தின்மீது ஓர் உரிமை உண்டு. மத்தீஸ், பிக்காசோ ஆகியோரைப் பற்றி கெர்ட்ரூட் ஸ்டைன் எழுதிய சொற்சித்திரங்கள் 1912இல் 'காமிரா வொர்க்' சிறப்பிதழில் அச்சேறின. அதுவரை அவர் எழுத்தைப் பரவலாக எவரும் அறிந்திருக்கவில்லை. வழக்கமான இலக்கிய ஏடுகள் தயங்கிய நடையைப் புகைப்பட ஏடு ஒன்று ஏற்றுக்கொண்டது.

1914இல் உலகப்போர் மூண்டது. பிரெஞ்சு மண்ணைத் தம் இரண்டாம் தாயகமாகக் கொண்டிருந்த ஸ்டைக்கன், போர்முனை நெருங்கியதும் வீட்டையும் எதிர்மறைத் தகடுகளையும் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குத் திரும்பினார். ஸ்டீக்லிட்ஸோ தம் இளமையைச் செதுக்கிய ஜெர்மனியை வெறுக்க இயலாமல் தவித்தார். அந்நேரம் 291 என்பது என்ன என்று நண்பர்களிடம் கேட்டு எழுதச்செய்து, வந்த பதில்களைக் கொண்டே 'காமிரா வொர்க்'கின் 47ஆம் இதழை நிரப்பினார். அறுபதுக்கும் மேற்பட்டோர் எழுதினர். ஏறக்குறைய எல்லாமே பாராட்டு. ஸ்டைக்கன் மட்டும், கூடம் தேங்கி நிற்கிறது, போர் என்னும் பேரழிவைக் காணாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று குறை கண்டார். ஸ்டீக்லிட்ஸ் அந்தப் பதிலையும் வெளியிட்டார். இதழாசிரியராக அவர் அதனை அச்சேற்றினார். நண்பராக அதனை மறக்க அவரால் இயலவில்லை.

அதற்குள் இன்னோர் இளைஞர் கட்டுடன் வந்திருந்தார். அவர் பால் ஸ்ட்ராண்ட். மங்கலான, ஓவியத்தை ஒத்த படங்களின் காலம் முடிந்தது என்பதைத் தெருவோர முகங்களாலும் கிண்ணங்களின் நிழல்களாலும் நிறுவியவர். 1916இல் 291 அவருக்குக் கண்காட்சி நடத்தியது. 'காமிரா வொர்க்'கின் இறுதி இரு இதழ்கள் அவருடைய படங்களைத் தாங்கி வந்தன. கடைசி இதழ் 1917 ஜூனில் வெளிவந்தபோது, ஒருகாலத்தில் ஆயிரத்தை எட்டியிருந்த சந்தாதாரர் எண்ணிக்கை நாற்பதுக்கும் கீழே இறங்கியிருந்தது. சிற்றிதழ் நடத்தியவர்கள் இந்த எண்ணின் பொருளை விளக்கமின்றி உணர்வர். விற்காத பழைய இதழ்களில் பல கழிவுத்தாள் வியாபாரியிடம் போயின. கூடமும் மூடப்பட்டது. அதே ஆண்டில் ஸ்டைக்கன் படையில் சேர்ந்தார். பிரான்சில் விமானங்களிலிருந்து போர்முனையைப் படமெடுக்கும் பணிக்குத் தலைமை ஏற்றார்.

291இன் சுவரில் கடைசியாகத் தொங்கியவை ஜார்ஜியா ஓ'கீஃபின் படைப்புகள். 1916 ஜனவரி முதல் நாள், ஸ்டீக்லிட்ஸின் 52ஆம் பிறந்தநாளில், ஓ'கீஃபின் தோழி ஒருத்தி அவருடைய கரிக்கோட்டோவியங்களைக் கூடத்துக்கு எடுத்து வந்து காட்டினாள். அவ்வாண்டே ஓவியரின் அனுமதி பெறாமல் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. கண்டிக்க வந்த ஓவியர், படங்களை அங்கேயே விட இசைந்து திரும்பினார். டெக்ஸாஸில் ஆசிரியையாக இருந்த அவருக்கும் நியூயார்க்கில் இருந்த அவருக்கும் இடையே கடிதங்கள் பெருகின. 1918இல் ஓ'கீஃப் நியூயார்க் வந்தார். ஸ்டீக்லிட்ஸ் மனைவியைப் பிரிந்தார். 1924இல் மணமுறிவு முடிவானதும் இருவரும் மணந்துகொண்டனர். முதல் மணத்தில் பிறந்த கேத்தரின் 1923இல் ஒரு மகனைப் பெற்றபின் மனநோய்க்கு ஆளாகி, எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் மருத்துவமனையில் கழித்தாள். குழந்தைப் பருவத்தில் அவளைப் பொறுமையுடன் தொடர்ந்து படமெடுத்தவர் தந்தை. அந்தக் கவனம் காமிராவுக்கு வெளியே அவளுக்குக் கிடைத்ததா என்ற கேள்வி இந்த வாழ்க்கை வரலாற்றில் விடையின்றி நிற்கிறது.

1921இல் ஆண்டர்சன் காட்சிக்கூடத்தில் தம் படங்களை அவர் மீண்டும் பொதுமக்கள்முன் வைத்தார். ஓ'கீஃபின் முகமும் கைகளும் உடலும் கொண்ட படங்கள் பெரும் பரபரப்பை எழுப்பின. படத்தில் இருப்பவரின் ஆற்றலே அவரது வெற்றிக்குக் காரணம் என்று ஒரு பேச்சு எழுந்தது. அதற்கு விடையாக, எவருக்கும் சொந்தமில்லாததும் எவர்க்கும் இலவசமாகக் கிடைப்பதுமான பொருளை அவர் தேர்ந்தெடுத்தார். அது மேகம். 1922 முதல் ஜார்ஜ் ஏரிக்கரையிலிருந்த குடும்பத்தின் கோடை இல்லத்தில் வானத்தை நோக்கியே காமிராவைத் திருப்பினார். முதல் தொகுதிக்கு இசையின் பெயரையும், அடுத்ததற்கு வானத்துப் பாடல்கள் என்ற பெயரையும் இட்டார். பிறகு எல்லாவற்றையும் ஈடுகள் எனப் பொருள்படும் ஒரே சொல்லால் குறித்தார். மேகத்தின் படம் மேகத்தைப் பற்றியது அன்று. உள்ளத்தில் நேர்ந்த ஒன்றுக்கு வெளியே அமைந்த இணை அது என்பது அவர் கருத்து. உள்ளங்கை அளவுக்குச் சற்றே பெரிய தாள்களில், தொடுவானம் கூட இன்றி, எது மேல் எது கீழ் என்று தெரியாத மேகங்கள். கவிதையில் உவமேயத்தைச் சொல்லாமல் விட்டு உவமானத்தை மட்டும் நிறுத்துவதன் வலிமையை அறிந்தவர்க்கு இந்தப் படங்கள் அந்நியமாய்த் தோன்றா.

இந்த மேகங்களை ஓர் அருங்காட்சியகத்தின் கதவுக்குள் கொண்டுசென்றவர் கொழும்பில் பிறந்த ஒரு தமிழ்த் தந்தையின் மகன். சர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பாளராக இருந்தார். காமிராவைக் கையாளத் தெரிந்தவர். சோழர் படிமங்களையும் ராஜபுத்திர ஓவியங்களையும் மேலை உலகுக்கு விளக்கிய அதே கண், ஸ்டீக்லிட்ஸின் படங்களிலும் கலை மரபின் தொடர்ச்சியைக் கண்டது. அவருடைய முயற்சியால் அருங்காட்சியகம் அந்தப் படங்களை ஏற்க முன்வந்தது. ஸ்டீக்லிட்ஸ் பணம் பெறவில்லை. 27 படங்களைத் தாமே அச்சிட்டு, தாள் ஒட்டிச் சட்டமிட்டு நன்கொடையாக அளித்தார். 1924இல் பாஸ்டன் அவற்றை ஏற்றது. அமெரிக்காவின் பெரும் கலை அருங்காட்சியகங்களுள் புகைப்படத்தைக் கலைப்பொருளாகவே ஏற்றுச் சேர்த்த முன்னோடிகளுள் ஒன்றாக அது அமைந்தது. முப்பதாண்டு வழக்கில் தீர்ப்பு வரத் தொடங்கியது. நான்காண்டுகள் கழித்து மெட்ரோபாலிடனும் அவரது படங்களை ஏற்றது.

தீர்ப்பு வந்துகொண்டிருந்த காலத்தில்தான் பழைய நட்பு முற்றாக முறிந்தது. போரிலிருந்து திரும்பிய ஸ்டைக்கன் தம் ஓவியங்களைத் தீயிட்டு எரித்துவிட்டு, புகைப்படத்துக்கே தம்மை ஒப்புக்கொடுத்தார். 1923இல் காண்டே நாஸ்ட் நிறுவனத்தின் இதழ்களுக்குத் தலைமைப் புகைப்படக்காரராக ஆண்டுக்கு 35,000 டாலர் ஊதியத்தில் சேர்ந்தார். நடிகையரையும் ஆடைகளையும் விளம்பரப் பொருள்களையும் படமெடுத்தார். புகைப்படம் பலரைச் சென்றடைய வேண்டும், உழைப்புக்கு ஊதியம் பெறுவதில் இழிவு இல்லை என்பது அவர் கொள்கை. சந்தையின் நிழல் பட்டால் கலை கருகும் என்பது ஸ்டீக்லிட்ஸின் கொள்கை. வாரம்தோறும் கடல் கடந்த கடிதங்கள், இருவரும் ஒரே நகரில் வாழ்ந்த காலத்தில் நின்றுபோயின. 1932இல் ஸ்ட்ராண்டும் விலகி மெக்ஸிகோவுக்குச் சென்றார்.

1925 முதல் நான்காண்டுகள் ஆண்டர்சன் கட்டிடத்தின் 303ஆம் அறையிலும், 1929 டிசம்பர் முதல் இறுதிவரை மாடிசன் அவென்யூ 509ஆம் எண் கட்டிடத்தின் பதினேழாம் மாடியிலும் ஸ்டீக்லிட்ஸ் கூடம் நடத்தினார். பின்னதற்கு அமெரிக்க இடம் எனப் பொருள்படும் பெயரை இட்டார். வெறுமையான வெள்ளைச் சுவர்கள். வாசலில் ஆரவாரம் இல்லை. பொருளாதார நெருக்கடி நாட்டையே வாட்டிய ஆண்டுகள். அங்கே 1933இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஒருவர் வந்தார். பியானோக் கலைஞராகப் பயின்று, யோசமிட்டி மலைகளில் மனம் பறிகொடுத்துப் புகைப்படத்துக்கு வந்த ஆன்சல் ஆடம்ஸ். முதலில் ஸ்டீக்லிட்ஸ் அவரைக் கடுமையாகப் பேசித் திருப்பியனுப்பினார். பிற்பகல் மீண்டும் வந்தபோது, இருந்த ஒரே நாற்காலியில் தாம் அமர்ந்துகொண்டு, ஆடம்ஸை வெப்பக்குழாயின் மேல் உட்காரவைத்தார். படங்களை ஒவ்வொன்றாக, ஒரு சொல்லும் பேசாமல் பார்த்தார். கட்டினார். மீண்டும் அவிழ்த்து இரண்டாம் முறை முழுவதையும் பார்த்தார். இறுதியில், தாம் கண்டவற்றுள் மிகச் சிறந்தவற்றில் அவை சேரும் என்று கூறினார்.

அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து ஸ்டீக்லிட்ஸின் மறைவுவரை நீடித்தது. ஸ்டைக்கனுடன் நடந்த கடிதங்களுக்கும் இவற்றுக்கும் வேறுபாடு பெரிது. முன்னவை இரு போர்வீரர்களின் செய்திகள். பின்னவை மலையடிவாரத்து மாணவர் ஒருவர் முதிய ஆசானுக்குத் தம் உள்ளத்தைத் திறந்து எழுதியவை. பனி, பாறை, இருட்டறை, பிழைப்புக்காக ஏற்ற விளம்பரப் பணிகள், அவற்றால் நேர்ந்த மனச்சோர்வு எல்லாம் அவற்றில் இடம்பெற்றன. ஸ்டைக்கனிடம் மன்னிக்க இயலாததை இந்த இளைஞரிடம் முதியவர் பொறுத்துக்கொண்டார். தோழனிடம் எதிர்பார்த்த துறவை மாணவனிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று முதுமை அவருக்குக் கற்பித்திருக்கக்கூடும். அவருடைய கூடத்தின் தூண்டுதலால் ஆடம்ஸ் 1933இலேயே சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு காட்சிக்கூடம் திறந்தார். கூடம் நடத்துவதும் படம் எடுப்பதும் ஒருவர் தோளில் சேர்ந்து நிற்பது எத்தனை அரிது என்பதை விரைவிலேயே உணர்ந்து அதிலிருந்து விலகினார். 1936 இலையுதிர்காலத்தில் மாடிசன் அவென்யூச் சுவர்கள் ஆடம்ஸுக்குத் திறந்தன. 1938 டிசம்பரில் எலியட் போர்ட்டர் என்னும் மருத்துவ ஆய்வாளருக்கும் அந்த வாய்ப்புக் கிட்டியது. அந்தக் கண்காட்சிக்குப் பின் போர்ட்டர் ஆய்வுக்கூடத்தைத் துறந்து முழுநேரப் புகைப்படக் கலைஞரானார்.

1937ஐ ஒட்டி, இதயம் நலிந்ததால் ஸ்டீக்லிட்ஸ் காமிராவைக் கீழே வைத்தார். ஓ'கீஃப் ஆண்டின் ஒரு பகுதியை நியூமெக்ஸிகோவின் பாலைநிலத்தில் கழித்தார். மனங்கள் புண்பட்ட காலங்களிலும் இருவரும் எழுதுவதை நிறுத்தவில்லை. முப்பதாண்டுகளில் அவர்களிடையே பரிமாறப்பட்ட கடிதங்கள் 25,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை. கூடத்தின் பின்னறைக் கட்டிலில் படுத்தபடியே வந்தவர்களிடம் பேசினார் ஸ்டீக்லிட்ஸ். 1946 ஜூலை 13ஆம் நாள், தம் 82ஆம் வயதில் காலமானார். சாம்பலை ஓ'கீஃப் ஜார்ஜ் ஏரிக்கரையில், நீர் கேட்கும் ஓரிடத்தில், மரத்தடி ஒன்றில் புதைத்தார். இடத்தை எவருக்கும் சொல்லவில்லை.

வணிகராக மறுத்தவர் விட்டுச்சென்ற சரக்கைப் பகிர்ந்தளிக்க ஓ'கீஃபுக்கு மூன்றாண்டுகள் ஆயின. ஓவியங்கள் நியூயார்க், சிகாகோ, பிலடெல்ஃபியா அருங்காட்சியகங்களுக்கும், நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவர்க்கென நிறுவப்பட்ட ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கும் சென்றன. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் அவருடைய 1,642 புகைப்படங்கள் உள்ளன. கடிதங்கள் யேல் பல்கலைக்கழகத்தை அடைந்தன. ஓ'கீஃபுடன் நடந்த கடிதப் போக்குவரத்து மட்டும், அவர் 1986இல் மறைந்து இருபதாண்டுகள் கழியும்வரை முத்திரையிடப்பட்டிருந்தது. அதன் முதல் தொகுதி 2011இல் நூலாயிற்று.

இவை அனைத்துக்கும் முன்பே, 1933இல், அவர் இன்னொரு கொடையைச் செய்திருந்தார். ஃபோட்டோ செசஷன் காலத்தில் நண்பர்களிடம் விலை கொடுத்து வாங்கிய படங்கள் கிடங்கில் கிடந்தன. வாடகை கட்ட இயலவில்லை. எறிந்துவிடலாம் என்றுகூட நினைத்தார். மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 418 படங்களை அள்ளிச் சென்றது. அவற்றுள் ஸ்டைக்கனின் படங்களும் இருந்தன. போரில் தகடுகளை இழந்த ஸ்டைக்கனின் இளமைக்காலக் கலை இன்று காணக் கிடைப்பதற்கு, பேச்சை நிறுத்திக்கொண்ட நண்பரின் கிடங்கே பெரிதும் காரணம். நிலவொளியில் ஒரு குளத்தைக் காட்டும் 1904ஆம் ஆண்டுப் படம் அவற்றுள் ஒன்று. அப்படத்தின் மூன்று பிரதிகளே எஞ்சியுள்ளன. 2006இல் அவற்றுள் இன்னொரு பிரதி ஏலத்துக்கு வந்தபோது, 29 இலட்சம் டாலரைக் கடந்த விலைக்குப் போனது.

ஸ்டைக்கன் 1947இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் புகைப்படப் பிரிவுக்குத் தலைவரானார். பதினைந்து ஆண்டுகள் அப்பணியில் இருந்து, உலகெங்கும் சென்ற மாபெரும் கண்காட்சியை உருவாக்கி, 1973இல் மறைந்தார். இறங்கிக்கொண்டிருந்த மின்தூக்கியிலிருந்து அவர் கொடுத்த வாக்கு கடைசிவரை காப்பாற்றப்பட்டது. அது தாம் விரும்பிய வடிவில் அமையவில்லை என்பதை மட்டும் ஸ்டீக்லிட்ஸால் பொறுக்க முடியவில்லை. ஆயினும், ஐந்து டாலர் கொடுத்து வாங்கத் தொடங்கிய அந்தப் படங்களை அவர் எவருக்கும் விற்கவும் இல்லை.